ஒரு 'ஏன்' கேட்டுப் பாருங்கள்

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: மனசுக்குப் பிடித்தவரின் கருத்து பிடிக்காமல் போனால் விலகிவிடுவதா, பேசிப் பார்ப்பதா? 'பேசிப் பார்ப்பதே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, என்னை எந்த இடத்தில் மடக்கலாம் என்று மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினரே! 

எங்க அம்மா காலத்தில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். தினப் பொருத்தம், கணப் பொருத்தம் என்று ஜோசியர் விரல் விட்டு எண்ணுவார். இப்போ பதினோராவதா ஒரு பொருத்தம் வந்திருக்கு. அதை ஜோசியர் பார்க்கிறதில்லை. பிள்ளைகளே பார்த்துக்கிறாங்க. "செல்போன்ல அவன் ஸ்டேட்டஸ் என்ன வச்சிருக்கான்?" (சிரிப்பு) பையன் நட்சத்திரம் தெரியாது, ராசி தெரியாது, கோத்திரம் தெரியாது. ஆனா காசாவைப் பற்றி என்ன நினைக்கிறான், உக்ரைனைப் பற்றி என்ன நினைக்கிறான், எல்லாம் தெரியும். (சிரிப்பு)

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. பிடித்த பையன். நல்லா பேசுறான், நல்லா படிக்கிறான், பெரியவங்களுக்கு மரியாதை கொடுக்கிறான். ஒரு நாள் எங்கேயோ தூர தேசத்தில் குழந்தைகள் சாகிற செய்தி வருகிறது. அதற்கு அவன் ஒரு வார்த்தை சொல்கிறான். அந்த வார்த்தையில் இவள் உடைந்துபோகிறாள். "இவனையா நான் இத்தனை நாள் மனசுல வச்சிருந்தேன்?" என்று அவள் அழுகிற அழுகை இருக்கிறதே, அது உண்மையான அழுகை. அதை நான் குறைத்துப் பேச வரவில்லை.

எதிரணியில் முதலில் பேசிய நண்பர் அருமையாக ஒன்று கேட்டார். "தூரத்து நாட்டுப் பிணத்தைப் பார்த்துக் கலங்காதவன், பக்கத்தில் இருக்கிற பெண்டாட்டியின் தலைவலிக்கா கலங்கப் போறான்?" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனால் நடுவர் ஐயா, என் வீட்டுக்காரர் இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்த நாட்டில் பூகம்பம் வந்தாலும் தொலைக்காட்சியைப் பார்த்துக் கண் கலங்குவார். தங்கமான மனசு. போன வாரம் எனக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. "என்னங்க, தலை வலிக்குது" என்றேன். "அப்படியா? ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு காபி போடு" என்றார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ஆகவே, தூரத்துக்கு அழுகிறவர் பக்கத்துக்கும் அழுவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதேபோல, தூரத்தைப் பற்றிக் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னவர் நெஞ்சில் ஈரமே இல்லாதவர் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மாணவி ஒருத்தி. முதுகலை இரண்டாம் ஆண்டு. பெயர் வேண்டாம். ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். "என்னம்மா?" என்றேன். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டுல சொல்ல முடியாது" என்றாள். தமிழ்த் துறையில் வேலை பார்த்தால் இது ஒரு கூடுதல் வேலை. இலக்கணத்தில் சந்தேகம் வந்தாலும் எங்களிடம்தான் வருவார்கள், காதலில் சந்தேகம் வந்தாலும் எங்களிடம்தான் வருவார்கள். (சிரிப்பு)

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மேல் அவளுக்கு விருப்பம். அவருக்கும் இருக்கும் போலத்தான் தெரிகிறது. இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் சூடான் நாட்டுக்காக இவள் கல்லூரியில் நிதி திரட்டினாள். 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி அங்கே ராணுவத்துக்கும், துரித ஆதரவுப் படை என்கிற இன்னொரு ஆயுதப் படைக்கும் போர் மூண்டது. ஒரு கோடிக்கும் அதிகமான மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். 2024 ஆகஸ்டில், டார்ஃபூர் பகுதியில் சம்சம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் வந்துவிட்டது என்று வல்லுநர்கள் உறுதி செய்தார்கள். இவள் அதைப் படித்துவிட்டு, ஒரு தகர உண்டியலை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போயிருக்கிறாள். ஆசையோடு அவரிடமும் நீட்டியிருக்கிறாள்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்தக் காசு பசிச்சவனுக்குப் போகாது. துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்குத்தான் போகும். இந்த மாதிரி நிவாரணம் அனுப்புறதைவிட அனுப்பாம இருக்கிறது நல்லது."

உண்டியலை மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் அந்தப் பெண் அழுதாள். "பத்து ரூபா போட மனசில்லைன்னா சும்மா போயிருக்கலாமே அம்மா! சாகிற பிள்ளைக்குச் சோறு கொடுக்காதேன்னு ஒருத்தர் சொல்வாரா? இவரோட எப்படி வாழுறது?"

எதிரணி நண்பர்கள் அங்கே இருந்திருந்தால், "விட்டுத் தள்ளும்மா" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் அவளை உட்கார வைத்து ஒரு கதை சொன்னேன். நடந்த கதை. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1994-ஆம் ஆண்டு. ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்கிற சின்ன நாடு. ஏப்ரல் மாதம் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களுக்குள் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துட்ஸி இனத்தவர். அவர்களைக் காப்பாற்ற நினைத்த ஹுட்டு மக்களையும் விட்டுவைக்கவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரனே வெட்டுக்கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில்தான் ஐக்கிய நாடுகள் சபை அங்கிருந்த தன் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. கூட்டுவதற்கு அல்ல, குறைப்பதற்கு!

ஜூலையில் ஆட்சி மாறியது. கொலை செய்த படையும் ஆட்களும் எல்லை தாண்டி ஓடினார்கள். அவர்களோடு, பயந்துபோன லட்சக்கணக்கான ஹுட்டு மக்களும் ஓடினார்கள். அப்போது ஜயர் என்று பெயர், இன்றைக்குக் காங்கோ ஜனநாயகக் குடியரசு. அங்கே கோமா என்ற ஊர்ப் பக்கம் வந்து குவிந்தார்கள். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை நிலம். தோண்ட முடியாது. கழிப்பிடத்துக்கும் குழி வெட்ட முடியாது, செத்தவனைப் புதைக்கவும் குழி வெட்ட முடியாது. காலரா வந்தது. சில வாரங்களில் பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

உலகம் முழுவதிலுமிருந்து மருத்துவர்கள் ஓடினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், காலராவை அடக்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்று தெரிந்தது. முகாமை நடத்துவது யார்? ஊரில் கொலை செய்தார்களே, அதே தலைவர்கள்! அரிசி மூட்டையை யாருக்குக் கொடுப்பது என்று சொல்வது அவர்கள். இல்லாத ஆளை இருப்பதாகக் கணக்குக் காட்டி மிச்சத்தை அள்ளுவது அவர்கள். திரும்பி ஊருக்குப் போகிறேன் என்று சொன்ன ஏழையை மிரட்டி நிறுத்துவதும் அவர்கள்.

இப்போது அந்த மருத்துவர்கள் என்ன செய்வது? கொடுத்தால் கொலைகாரனுக்குச் சோறு. நிறுத்தினால் குழந்தைக்குச் சாவு.

எல்லைகளற்ற மருத்துவர்கள் என்று ஒரு அமைப்பு. 1971-இல் பிரான்சில் தொடங்கப்பட்டது. பிற்பாடு 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அமைப்பு. அந்த அமைப்பே இதில் இரண்டாகப் பிரிந்து நின்றது. 1994 கடைசியில் பிரெஞ்சுப் பிரிவு, "கொலைகாரர்களுக்கு நாங்கள் துணை போக மாட்டோம்" என்ற நிலை எடுத்து, முகாம்களை விட்டு வெளியேறியது. அதே அமைப்பின் வேறு பிரிவுகளோ, "நோயாளியை விட்டுவிட்டு எப்படிப் போவது?" என்று தொடர்ந்து இருந்தன.

தாய்மார்களே, நான் உங்களைக் கேட்கிறேன். இந்த இரண்டு பேரில் யார் இரக்கம் இல்லாதவர்? போனவரா? இருந்தவரா? வீட்டை விட்டு, நாட்டை விட்டு, காலராவுக்கு நடுவில் போய் நின்றவர்கள் இரண்டு பேருமே. கருத்து வேறு, கருணை ஒன்று. (கைதட்டல்) ஒரே கருணை இரண்டு எதிர்க் கருத்துகளைப் பெற்றுப்போடும். கருத்தை மட்டும் பார்த்தால் கருணை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "நீ அழ வச்ச ஆளு சொன்னதும் பெரிய பெரிய டாக்டருங்க சொன்னதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்மா. அதுக்காக அவர் நல்லவர்ன்னு நான் சொல்லல. கஞ்சத்தனத்தாலயும் அப்படிச் சொல்லலாம், கசப்பாலயும் சொல்லலாம், கவலையாலயும் சொல்லலாம். எதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போய் ஒரே ஒரு 'ஏன்' கேளு. கேட்டுட்டு வந்து அழு."

கேட்டாள். அவர் நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது சின்னப் பையன். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வந்த நிவாரணத்தைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். லாரி லாரியாகப் பழைய துணி வந்து, கட்ட ஆளில்லாமல் சாலையோரம் மலை மாதிரி குவிந்து கிடந்ததை நம்மில் பலர் செய்தியில் பார்த்தோம். அவர் அதன் மேல் ஏறி விளையாடியிருக்கிறார். வண்டி வந்து நிற்கும். தோளில் பலம் உள்ளவன் முன்னால் போவான். அவருடைய ஆத்தா, கால் வலிக்காரி, வரிசையின் கடைசியில் நிற்பாள். அவள் முறை வரும்போது வண்டி காலி. "கொடுத்தவங்க நல்லவங்கதான். ஆனா எங்க ஆத்தாவுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் இறங்கிவந்து கேக்கலையே" என்றாராம்.

கொடுக்காதே என்பதல்ல அவர் கருத்து. கேட்டுக் கொடு என்பது. ஆனால் வாயில் வந்ததோ, கொடுக்காதே! நம்ம ஆம்பிளைப் பிள்ளைகள் அழ வேண்டிய இடத்தில் எல்லாம் கோபப்பட்டுத்தானே பழக்கம்? (கைதட்டல்)

இவளும் விடவில்லை. அங்கேதான் எனக்கு அவளைப் பிடித்தது. "சரி, உங்க ஆத்தாவுக்குக் கிடைக்கலைங்கிறதுக்காக, வண்டியே வரக்கூடாதுன்னு சொல்வீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு செய்தியோடு வந்தார். சூடானில், போருக்கு நடுவில், அந்தந்தத் தெருப் பிள்ளைகளே ஒன்றுசேர்ந்து 'அவசர உதவி அறைகள்' என்று ஏற்படுத்தி, பொதுச் சமையற்கூடம் வைத்து அக்கம்பக்கத்துக்குச் சோறு போடுகிறார்கள். எந்த வீட்டில் கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் பச்சைப்பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தவர்கள். "கொடுத்தா இந்த மாதிரி ஆளுங்க கைக்குப் போற வழியாப் பாத்துக் கொடுக்கணும்" என்றாராம். அவளுக்கு நிவாரணம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று தெரிந்தது. அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தது. ஒரு 'ஏன்' இரண்டு பேரையும் ஒரு படி ஏற்றிவிட்டது.

நம்ம மணிமேகலைக் காப்பியத்தையே பாருங்கள். அமுதசுரபியை ஏந்திக்கொண்டு அவள் போன இடம் எது? சிறைச்சாலை. இவன் நல்லவனா, இவன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்காமல் கைதிகளுக்குச் சோறு போட்டாள். அந்தச் சிறைக் கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்கச் செய்தாள். அவள் மேல் ஆசை வைத்துப் பின்னாலேயே அலைந்தவன் சோழ இளவரசன் உதயகுமாரன். அவள் மனத்திலும் அவன் பக்கம் ஓர் ஈர்ப்பு இருந்தது என்று காப்பியமே சொல்கிறது. ஆனால், அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அவன் புரிந்துகொள்ளவில்லை. அவள் அறம் எடுத்துச் சொன்னபோதும் அவன் காதில் ஏறவில்லை. கடைசியில் வாளுக்கு இரையானான். விரும்பியவரின் உருவத்தை மட்டும் பார்த்து, உள்ளத்தைக் கேட்காமல் விட்டால் காதலும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான். (கைதட்டல்)

அப்படியானால் எப்போதுமே விலகக் கூடாதா? நடுவர் ஐயா, எதிரணிக்கு ஒரு புள்ளி நானே கொடுக்கிறேன். (சிரிப்பு) எங்கள் தலைவர் என்னை முறைக்கிறார். பரவாயில்லை, உண்மையை மறைத்து ஜெயிக்க வேண்டாம்.

ருவாண்டாவில் வெட்டுக்கத்திக்கு முன்னால் ரேடியோ வந்தது. துட்ஸி மக்களைக் கரப்பான்பூச்சி என்று அந்த ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது. மனிதனைக் கொல்லக் கை நடுங்கும். பூச்சியை நசுக்க யோசிக்க மாட்டோம். முதலில் வார்த்தையால் மனிதனைப் பூச்சி ஆக்கிவிட்டார்கள், பிறகுதான் கை நீண்டது. அந்த ரேடியோவை நடத்தியவர்களுக்கு 2003-இல் சர்வதேச நீதிமன்றம் ஒன்று தண்டனை கொடுத்தது. வார்த்தைக்கும் தண்டனை உண்டு என்று உலகத்துக்குச் சொன்ன தீர்ப்பு அது.

இன்னொரு பெண் என்னிடம் வந்தாள். அவள் விரும்பிய பையன், ஒரு நாட்டில் குண்டு விழுந்து குழந்தைகள் செத்த செய்திக்குச் சிரிப்புப் படம் போட்டிருந்தான். "ஏன்?" என்று கேட்டிருக்கிறாள். "அதுங்க எல்லாம் பூச்சிங்க, வளர்ந்தா கடிக்கும்" என்றானாம். மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில். அவளிடம் நான் கதை எதுவும் சொல்லவில்லை. "விலகிடும்மா" என்றேன். அவளும் கேட்டுவிட்டுத்தான் விலகினாள் என்பதை எதிரணி நண்பர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். விலகுவதற்கும் எங்கள் அணியின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது! (பலத்த கைதட்டல்)

ஆகவே பிள்ளைகளே, உங்களுக்குப் பிடித்தவர் எந்தக் கட்சி, எந்தப் பக்கம் என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். 'நீ எதிர்க்கிற பக்கத்தில் செத்த குழந்தையையும் குழந்தையாக எண்ணுகிறாயா?' இது முதல் கேள்வி. 'நீ சொல்கிற விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?' இது இரண்டாவது. 'நீ சொல்வது தப்பாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வாயா?' இது மூன்றாவது. இந்த மூன்றையும் அவரிடம் கேட்பதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்கிறவர் உங்கள் கருத்துக்கு நேர் எதிராக நின்றாலும் கவலை இல்லை. ஒன்றுக்கும் பதில் சொல்லாதவர் உங்கள் கருத்தையே அப்படியே ஒப்பித்தாலும், அவரோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். (கைதட்டல்)

வள்ளுவர் இன்னா செய்யாமை அதிகாரத்தில் கேட்கிறார்: அடுத்த உயிரின் துன்பத்தைத் தன் துன்பம் போல் எண்ணிக் காக்காவிட்டால், நாம் பெற்ற அறிவினால் என்ன பயன் என்று. அடுத்த உயிர் என்றால் சூடானில் இருக்கிற உயிர் மட்டும் இல்லை. எதிரே உட்கார்ந்து, நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறதே, அதுவும் ஓர் உயிர்தான். அதற்குள்ளும் ஒரு துன்பம் இருக்கலாம். வரிசையின் கடைசியில் நின்ற ஓர் ஆத்தா இருக்கலாம்.

நடுவர் மணி அடித்துவிட்டார். நானும் பேராசிரியர்தானே, மணி அடித்த பிறகுதான் முக்கியமானதைச் சொல்வேன். (சிரிப்பு) அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். இல்லை. இன்னும் வீட்டில் பேசவில்லை. நடக்குமா, நடக்காதா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை நூலகத்து வாசலில் நின்று சண்டை போடுகிறார்கள். அந்தத் தகர உண்டியல் மட்டும் இப்போது அவர் கையில் இருக்கிறது. (நீண்ட கைதட்டல்)

ஆகவே, மனசுக்குப் பிடித்தவரின் கருத்து பிடிக்காமல் போனால், பேசிப் பார்ப்பதே, பேசிப் பார்ப்பதே சரி என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.